மணி அடித்தது யார்?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. கீழ்பென்னாத்தூரில் வீட்டுக்கு வீடு மாடியில் ஆட்கள் நிற்கிறார்கள். எல்லோர் கண்ணும் மேற்கே. திருவண்ணாமலை அங்கிருந்து சுமார் 18 கிலோ மீட்டர் தூரம். 2,668 அடி உயர மலை. உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றியதும், வானம் தெளிவாக இருந்தால், சிறு பொறி போல அது தெரியும். "அதோ! அதோ!" என்று குழந்தைகள் கூவுகிறார்கள். பெண்கள் கீழே ஓடி வாசலில் அகல் விளக்கு வைக்கிறார்கள்.

அன்று தீபம் எரிந்ததா என்று மறுநாள் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஊரே பார்த்தது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

ஆனால் வேறொரு நாள், அமாவாசை இருட்டில், ஒரே ஒருவர் மட்டும் வந்து, "மலை மேலே வெளிச்சம் பார்த்தேன்" என்று சொன்னால்? "வேறு யார் பார்த்தது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இந்தக் கேள்விதான் ஆஸ்திரேலியாவில் சில விஞ்ஞானிகளைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. அவர்கள் வெளிச்சம் எதையும் பார்க்கவில்லை. அவர்களிடம் இருந்த ஒரு மணி, யாரும் தொடாமலே ஒலித்தது. ஒருமுறை அல்ல, இருமுறை!

ஸ்படிக மணி

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டோபார், மாக்சிம் கோரியாச்செவ் என்னும் இரண்டு விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரு விசித்திரமான கருவியைச் செய்தார்கள்.

மணி என்றதும் வெண்கல மணியை நினைக்க வேண்டாம். இது ஒரு சின்ன வில்லை. குறுக்களவு 3 சென்டி மீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. கனம் 1 மில்லி மீட்டர்தான். குவார்ட்ஸ் என்ற கல்லால் ஆனது. ஸ்படிக மாலை பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்படிகமும் இந்தக் கல்லும் ஒரே பொருள்தான்.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் மின்சாரம் தரும். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரைத் தட்டினால் பொறி பறக்கிறதல்லவா? அதற்குள்ளும் இதே குணம் படைத்த ஒரு துண்டுதான் இருக்கிறது. கைக்கடிகாரத்திலும் குவார்ட்ஸ் உண்டு. அது வினாடிக்கு 32,768 முறை துடித்துத்தான் நேரம் காட்டுகிறது.

பெர்த் நகரத்து வில்லையோ வினாடிக்கு 55 லட்சம் முறை துடிக்கக் கூடியது! மனிதனின் காதுக்கு 20 ஆயிரம் வரைதான் எட்டும். அதற்கு மேலே போனால் நமக்கு நிசப்தம்தான்.

கல் தன் சொந்தச் சூட்டினால்கூட நடுங்கக் கூடாது என்று அதைப் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிர வைத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி! அதற்கு மேலும் குளிர வைப்பது மிகவும் கடினம். கல்லில் எறும்பு மூச்சு விட்டது போன்ற அசைவு ஏற்பட்டாலும், அதனால் பிறக்கும் மின்சாரத்தைக் காட்ட ஒரு நுண்ணிய கருவியை இணைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

2019-ம் ஆண்டில் இரண்டு தவணையாக மொத்தம் 153 நாட்கள் காத்திருந்தார்கள். மே மாதம் 12-ந் தேதி கல் ஒலித்தது. நவம்பர் 27-ந் தேதி மீண்டும் ஒலித்தது. மற்ற நாட்களில் அப்படிப் பலமான ஒலி எதுவும் இல்லை.

அடித்தது யார்?

கயிற்றுக் கட்டிலும் ஆகாயமும்

அவர்கள் எதைக் கேட்பதற்காகக் காத்திருந்தார்கள் என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். அவர்கள் தேடியது ஈர்ப்பு அலையை.

கயிற்றுக் கட்டிலில் தாயும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள். பிள்ளை ஒரு ஓரத்தில் புரண்டு படுக்கிறது. மறு ஓரத்தில் இருக்கும் தாய்க்குக் கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்துவிடுகிறது. கயிறு சொல்லிவிடுகிறது. ஆகாய வெளியும் அப்படிப்பட்ட ஒரு கயிற்றுக் கட்டில்தான் என்றார் ஐன்ஸ்டீன். கனமான பொருள்கள் அதில் வேகமாகச் சுழன்றால் அதிர்வு கிளம்பும்; அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் எங்கும் பரவும் என்று 1916-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அந்த அதிர்வு வரும்போது இடமே சற்று நீளும், சற்றுச் சுருங்கும். சுவர், மரம், மனிதன், மலை எல்லாம் சேர்ந்து நீண்டு சுருங்கும். ஆனால் எவ்வளவு? ஓர் அணுவின் நடுவே இருக்கும் துகளைவிட எத்தனையோ மடங்கு குறைவு. அதை அளக்கவே முடியாது என்று பல காலம் எண்ணியிருந்தார்கள்.

அளந்து காட்டியது அமெரிக்காவின் 'லைகோ' நிலையம். ஆங்கில எழுத்து 'எல்' போல இரண்டு நீண்ட குழாய்கள். ஒவ்வொன்றும் 4 கிலோ மீட்டர். உள்ளே லேசர் ஒளி போய்த் திரும்பும். குழாயின் நீளம் மயிரிழையில் கோடியில் ஒரு பங்கு மாறினாலும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடச் சின்ன மாற்றத்தையும் காட்டும்.

2002 முதல் 2010 வரை அதை இயக்கினார்கள். ஒன்றுமே கேட்கவில்லை! கோடிக் கணக்கில் பணம் செலவழிந்ததுதான் மிச்சம் என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. கண்ணாடிகளையும் லேசரையும் தொங்குகம்பிகளையும் மாற்றி, பழைய கட்டிடத்துக்குள் புதிய கருவியை வைத்தார்கள்.

2015-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி. திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு பூமியைக் கடந்து சென்றது. அது கீழ்பென்னாத்தூர் வழியாகவும்தான் சென்றது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணிக்காகக் காத்திருந்த பிள்ளைகளும், நிலக்கடலைக் கொல்லையில் நின்றவர்களும் ஒரு கணம் நீண்டு சுருங்கினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை!

அமெரிக்காவில் தெரிந்தது. அதுவும் ஓர் இடத்தில் அல்ல. லைகோ நிலையங்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவே 3,000 கிலோ மீட்டர். முதலில் ஒன்றில் அதிர்ந்தது. வினாடியில் ஆயிரத்தில் 7 பங்கு நேரம் கழித்து மற்றதிலும் அதே அதிர்வு, அதே வடிவம். இரண்டு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்தன. உலகம் ஏற்றுக்கொண்டது. 2017-ல் நோபல் பரிசும் வந்தது.

இரண்டு சாட்சி இருந்தால் போதும் என்று தோன்றுகிறதல்லவா? போதாது. இரண்டு சாட்சி இருந்தும் தோற்றுப்போன ஒருவரின் கதை இருக்கிறது.

வெபரின் உருளைகள்

அவர் பெயர் ஜோசப் வெபர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரி. பிறகு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஈர்ப்பு அலையைப் பிடிக்க முடியும் என்று உலகில் முதன் முதலாகக் களத்தில் இறங்கியவர் அவர்தான்.

5 அடி நீளம், 2 அடி குறுக்களவு உள்ள ஓர் அலுமினிய உருளையைச் செய்தார். எடை ஒரு டன்னுக்கு மேல். அதைக் கம்பியில் தொங்கவிட்டார். அதன் இடுப்பைச் சுற்றி, அழுத்தினால் மின்சாரம் தரும் சின்னக் கற்களை ஒட்டினார். அலை வந்து தட்டினால் உருளை மணி போல ஒலிக்கும்; கல் அதைச் சொல்லும் என்பது அவர் எண்ணம். பெர்த் நகரத்து வில்லைக்கு அதுவே மூதாதை.

ஓர் உருளையை மட்டும் நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். சுமார் 1,000 கிலோ மீட்டர் தள்ளி, சிகாகோ நகருக்கு அருகே இன்னொன்றை வைத்தார். 1969-ம் ஆண்டு ஜூன் மாதம், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தன என்று அறிவித்தார்.

உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17 விமானிகள் நிலவுக்குப் போனபோது அவர் யோசனைப்படி செய்த கருவி ஒன்றையும் எடுத்துச் சென்றார்கள். நிலவின் குறைந்த ஈர்ப்புக்கு ஏற்றபடி எடைக்கட்டி வைப்பதில் கணக்குப் பிசகிவிட்டது. கருவி சரியாக வேலை செய்யவில்லை. அதுதான் முதல் அடி.

அடுத்த அடி பூமியிலேயே விழுந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் அதே மாதிரி உருளைகளைச் செய்து பார்த்தார்கள். சிலர் வெபரின் உருளையைவிடத் திறமான கருவிகளையே செய்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்கிடையே, வேறொரு பல்கலைக்கழகத்தின் உருளையும் தன் உருளையும் ஒரே நேரத்தில் ஒலித்திருக்கின்றன என்று வெபர் காட்டினார். பார்த்தால், இரண்டு இடத்துக் கடிகாரங்களும் வேறு வேறு நேரக் கணக்கில் இருந்தன. நடுவே 4 மணி நேர வித்தியாசம்! ஒரே நேரம் என்று அவர் சேர்த்த ஒலிகள் ஒரே நேரத்து ஒலிகளே அல்ல. இல்லாத பொருத்தத்தை அவர் கண்டுபிடித்திருந்தார்.

அவர் பொய் சொன்னார் என்று நினைப்பது அநியாயம். கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்குக் காற்றும் பாட்டாகக் கேட்கும். ஊருக்குப் போன மகனை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு ஒவ்வொரு வண்டிச் சத்தமும் அவன் வண்டியாகத்தானே தோன்றும்?

பண உதவி நின்றது. ஆனாலும் வெபர் தம் உருளைகளை விடவில்லை. தலை நரைத்த பிறகும் அந்தக் கூடத்துக்குத் தனியாகப் போய் வந்தார். 2000-ம் ஆண்டு குளிர்காலத்தில் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் பனியில் வழுக்கி விழுந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 81. கடைசி வரை, தாம் கேட்டது மெய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

2016 பிப்ரவரி 11-ந் தேதி, ஈர்ப்பு அலை அகப்பட்டுவிட்டது என்று வாஷிங்டன் நகரில் லைகோ விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வெபரின் மனைவி வர்ஜீனியா டிரிம்பிளும் இருந்தார். அவரும் ஒரு வான நூல் அறிஞர். கணவரின் வழியைத் தவறென்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த வழியை அவர் வெட்டியிராவிட்டால் லைகோவே வந்திருக்காது என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2019 மார்ச்சில் மேரிலாந்து பல்கலைக்கழகம் அவருடைய உருளைகளை ஒரு தோட்டத்தில் நிறுத்தி நினைவிடம் அமைத்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் பெர்த் நகரத்து ஸ்படிகம் ஒலித்தது.

மூன்று ஸ்தாயி

நாதஸ்வரத்தில் மூன்று ஸ்தாயி உண்டு. கீழே மந்தரம், நடுவே மத்திமம், மேலே தாரம். ஈர்ப்பு அலைக்கும் அப்படி உண்டு.

மிகக் கீழான மந்தர அலையில் ஒரு முறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் ஆகும். பூனாவுக்கு அருகே 30 பெரிய வானொலித் தட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பித்து, துடிக்கும் நட்சத்திரங்களின் நேரத்தை ஆண்டுக் கணக்கில் குறித்து வந்தார்கள். அந்த மந்தர ஒலிக்கு அடையாளம் தெரிகிறது என்று 2023 ஜூனில் அறிவித்தார்கள். வெளிநாட்டார் பலரோடு இந்திய விஞ்ஞானிகளும் அதில் பங்கு கொண்டார்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தாரும் அவர்களில் உண்டு.

நடு ஸ்தாயி லைகோவுடையது. அதைத் தாண்டி, வெகு மேலே இருப்பது பெர்த் நகரத்துக் கல்லின் ஸ்தாயி.

பெரிய மணி 'டாண்' என்று கனத்த குரலில் ஒலிக்கும். காலில் கட்டும் சலங்கை 'கிணுங்' என்று கீச்சுக் குரலில் ஒலிக்கும். பொருள் சிறிதானால் குரல் உயரும். கருந்துளைக்கும் இதே கணக்குதான். சூரியனைப்போல 30 மடங்கு கனமுள்ள கருந்துளைகள் மோதினால் லைகோவுக்குக் கேட்கும். வினாடிக்கு 55 லட்சம் முறை துடிக்கும் ஒலி வேண்டுமானால், வியாழன் கிரகத்தின் அளவே எடையுள்ள குட்டிக் கருந்துளைகள் மோதவேண்டும். வியாழன் முழுவதையும் 6 மீட்டருக்குள், ஒரு பெரிய அறைக்குள் அடங்கும்படி நசுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் குட்டி!

இங்கேதான் சிக்கல். செத்த நட்சத்திரத்திலிருந்து அவ்வளவு சின்னக் கருந்துளை பிறக்க முடியாது. ஒரு நட்சத்திரத்தின் சாம்பல், சூரியனைப்போல 1.4 மடங்குக்குக் குறைவாக இருந்தால் அது மேலும் நொறுங்காமல் அப்படியே நின்றுவிடும். இந்தக் கணக்கைப் போட்டவர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்! 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு. பெரிய பெரிய அறிஞர்களே அதைக் கேலி செய்தார்கள். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் குட்டிக் கருந்துளை எங்கிருந்து வரும்? நட்சத்திரம் ஒன்றுகூடப் பிறக்காத காலத்தில், பிரபஞ்சம் தோன்றிய முதல் கணங்களில் உண்டாகியிருக்கலாம் என்கிறார்கள். இதுவரை யாரும் அதைக் கண்டதில்லை. பெர்த் நகரத்துக் கல்லை அடித்தது அதுதான் என்று உறுதியானால், உலகம் பிறந்த நேரத்துச் செய்தி ஒன்று மனிதன் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் அவசரப்பட்டு 'ஆம்' என்று சொல்ல யாரும் துணியவில்லை.

சந்தேகப் பட்டியல்

டோபாரும் கூட்டாளிகளும் 2021-ல் தங்கள் செய்தியை வெளியிட்டார்கள். 'ஈர்ப்பு அலையைப் பிடித்துவிட்டோம்' என்று அவர்கள் மார்தட்டவில்லை. 'அபூர்வ நிகழ்ச்சிகள்' என்று மட்டும் தலைப்புக் கொடுத்தார்கள். அடித்திருக்கக் கூடியவர்களின் பட்டியலையும் அவர்களே கொடுத்தார்கள்.

ஆகாயத்திலிருந்து கொட்டும் மின்துகள் ஒன்று கல்லைத் தாக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட துகள்கள் நம் உள்ளங்கை வழியாகவே சுமார் வினாடிக்கு ஒன்று வீதம் பாய்ந்துகொண்டிருக்கின்றன. கல்லுக்குள்ளேயே இறுக்கம் சேர்ந்து சட்டென்று விட்டிருக்கலாம். இரவில் வீட்டு உத்தரம் 'டக்' என்று சொல்லுமே, அதைப்போல. எரிகல் விழுந்த அதிர்வாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளாக இருக்கலாம். ஈர்ப்பு அலையாகவும் இருக்கலாம்.

உடனே எதிர்வாதம் வந்தது. அதுவும் அதே நாட்டிலிருந்து! மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் லாஸ்கி, எரிக் திரேன் என்ற இருவர் லைகோ விஞ்ஞானிகள். அவர்கள் கேட்டது இதுதான்: 'பலமான ஈர்ப்பு அலை கடந்து போனால், போன பிறகும் இடத்தில் ஒரு சிறு தழும்பு நிற்கும். அந்தத் தழும்பு லைகோவுக்குத் தெரியும். உங்கள் கல் அடிபட்டது ஈர்ப்பு அலையால் என்றால், லைகோவில் பெரும் சத்தம் கேட்டிருக்க வேண்டுமே! கேட்கவில்லையே!'

நியாயமான கேள்வி. தீபத்தை நீ மட்டும் பார்த்தாயே, உன் பக்கத்து மாடிக்காரன் ஏன் பார்க்கவில்லை என்பதுபோல. குட்டிக் கருந்துளையின் வழக்கு இதனால் மிகவும் தளர்ந்துவிட்டது. ஆனால் கல்லை அடித்தது எது என்பதற்கு அந்தக் கேள்வி விடை சொல்லவில்லை.

இரண்டாவது மணி

பெர்த் விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்ளவில்லை. கருவியைப் புதுப்பிக்க உட்கார்ந்தார்கள். வில்லியம் காம்ப்பெல் என்ற இளைஞர் அதில் முன்னே நின்றார்.

இப்போது ஒரு கல் அல்ல, இரண்டு. இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒரே அளவு, ஒரே வெட்டு. கல்லின் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் கேட்டுப் பதிவு செய்யும் புதிய மின்கருவியும் சேர்ந்தது. இந்தப் புதிய அமைப்பைப் பற்றி 2023-ல் எழுதினார்கள். ஆகாயத்து மின்துகள் வந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் காவல்காரக் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைக்கவும் திட்டமிட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு புதிய சாட்சி எழ இருக்கிறது. மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுண்டா என்னும் ஊர். அங்கே நாகநாதர் கோவில் இருக்கிறது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். அண்ணாமலையைப்போல அதுவும் ஜோதியின் பெயரால் வழங்கும் ஊர்தான். அந்த ஊரில் 'லைகோ-இந்தியா' கட்ட மத்திய மந்திரிசபை 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. 4 கிலோ மீட்டர் நீளத்துக்கு இரண்டு கைகள். சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள கணிதவியல் நிறுவனத்திலிருந்தும் லைகோ ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்கள் உண்டு.

ஒளியைப் பார்க்கும் கண் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 முதல் பெரிய தொலைநோக்கி வானத்தைப் பார்த்து வருகிறது. இனி அவுண்டாவில் ஒரு காது. அது நடு ஸ்தாயிக்காரக் காதுதான். பெர்த் நகரத்துக் கீச்சுக் குரல் அதற்கு நேராகக் கேட்காது. ஆனால் தழும்பு விழுந்தால் தெரியும். அடுத்த முறை யாராவது, 'மணி ஒலித்தது' என்று சொன்னால், 'இங்கேயும் தெரிந்தது' அல்லது 'இங்கே ஒன்றும் இல்லை' என்று அவுண்டாவும் ஒரு வார்த்தை சொல்லும்.

பெர்த் நகரத்தில் இப்போது விதி இதுதான். ஒரு கல் மட்டும் ஒலித்தால் அதைத் தள்ளிவிடலாம். இரண்டும் சேர்ந்து ஒலித்து, காவல்காரக் கருவியும் மின்துகளைக் காட்டினால், அடித்தது அந்தத் துகள்தான். இரண்டும் ஒரே கணத்தில் ஒலித்து, காவல்காரன் பேசாமல் இருந்தால், அன்றைய தேதியையும் நேரத்தையும் ஏட்டில் எழுதி, மற்ற ஆராய்ச்சிக்கூடங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எழுதும் முன் கடிகாரத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.